முதுகு காட்டி வந்தவள்

பள்ளிக்கூடப் பஸ் ஓட்டும் ரெஜிஸுக்கு வாய் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பின்சீட்டில் அடிதடி நடந்தால் வண்டியை நிறுத்தாமலே ஒரு அதட்டலில் அடக்கிவிடுவான். சாலையில் குழி விழுந்தால் ஊர் மேயரை நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்பான். ஆனால் மைலிஸிடம் ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்று வரும்போது மட்டும் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆறு வருஷமாக அப்படி ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அன்றைக்கு ஜூலை முதல் சனிக்கிழமை. பாஸ் மீன் மேல் இருந்த தடை நீங்குகிற நாள். தென்மேற்குப் பிரான்ஸில் எங்கள் லாந்த் பக்கத்தில் அன்றைக்குக் காலை யாராவது போர்வைக்குள் கிடந்தால், ஒன்று அவனுக்குக் காய்ச்சலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் பாரிஸிலிருந்து வந்தவனாக இருக்க வேண்டும். கிழக்கே வெளுக்கும் முன்பே மீன்பிடிச் சங்கத்து ஆட்கள் பைன் மரங்களுக்கு அடியில் வண்டிகளை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு பம்பை வைத்துக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்து மீன் பிடிக்கிற ரப்பர் மிதவைகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

ரெஜிஸும் அடித்தான். அவனுடைய கை பம்பில் இருந்தது, கண் ஏரிக்கரையில் குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த மைலிஸ் மேல் இருந்தது, மனசு எங்கேயோ இருந்தது. மிதவை இட்டலி போல உப்பி, வெடித்துவிடுமோ என்று பயப்படுகிற அளவுக்கு வந்ததும்தான் பக்கத்தில் நின்ற ஜோயல் அவன் கையைப் பிடித்தான். ஜோயல் மைலிஸின் தம்பி, ரெஜிஸின் சிநேகிதன், இரண்டு பேர் விஷயத்திலும் மூக்கை நுழைக்க அவனை விட்டால் ஆள் கிடையாது.

"மச்சான், ராத்திரி தூங்குனியா?"

"தூங்குனேன்."

"பொய் சொல்லாத. கீழ பாரு."

ரெஜிஸ் குனிந்து பார்த்தான். வாத்துக் கால் மாதிரி அகலமான நீச்சல் செருப்புகளை இடமும் வலமுமாக மாற்றிப் போட்டிருந்தான்.

"நேத்து நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்றான் ஜோயல், குரலை இறக்கி. "கோரின் பத்து மணிக்குக் கட தொறக்கும். அதுக்கு முன்னாடி அக்காவுக்குப் போன் பண்ணும். அக்கா சரின்னு சொல்லிடுச்சுன்னா முடிஞ்சுது. வேனிக்காலம் முடிஞ்சதும் பொட்டி கட்டிட்டு அன்ஸிக்குப் போயிடும்."

"அவ என்ன சொல்லப் போறா?"

"எங்கிட்ட சொன்னாத்தான? ஆனா நேத்து சாயங்காலம் கடையில கெடந்த பழைய டயரையெல்லாம் வாரி வெளிய போட்டுட்டு இருந்துச்சு. எனக்கு அது நல்லதாப் படல. இங்க பாரு, இன்னிக்கு நீ கேக்கலேன்னா, நாளையிலேர்ந்து உன்ன மச்சான்னு கூப்பிட மாட்டேன். வெறும் ரெஜிஸ்தான்."

விஷயம் இதுதான். மைலிஸ், சுற்றுலாக்காரர்கள் கூடாரம் அடிக்கிற கேம்ப் மைதானத்து வாசலில் சைக்கிள் கடை வைத்திருப்பவள். புருஷன்காரன் விட்டுவிட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது, போனவனைப் பற்றி அவளும் பேச மாட்டாள், நாமும் பேச வேண்டாம். கோரின் அவளுடைய பெரியம்மா மகள். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் அன்ஸியில் பெரிய சைக்கிள் கடை நடத்துகிறாள், கூட்டாளியாக வந்துவிடு என்று கூப்பிடுகிறாள். ரெஜிஸுக்கு இது முந்தின நாள்தான் தெரியும். தெரிந்ததிலிருந்து சோறு தண்ணீர் இறங்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பழைய மிதவை ஒன்றை வாங்கிக்கொண்டு முதல் முறையாக இந்தக் கரைக்கு வந்தாள் மைலிஸ். நீச்சல் செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் அடி எடுத்து வைத்து, சேற்றில் முகம் குப்புற விழுந்தாள். "பின்னாடி நடங்க, பின்னாடியே நடந்து எறங்கணும்" என்று தூக்கிவிட்டவன் ரெஜிஸ். அன்றையிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் மிதப்பார்கள். அவள் பிளாஸ்கில் காப்பி கொண்டுவருவாள், இவன் வாத்து ஈரல் வைத்த ரொட்டி கொண்டுவருவான். மத்தியானம் ஆனதும் அவள் அவள் வீட்டுக்கு, இவன் இவன் வீட்டுக்கு. ஊர் இவர்களைப் பாதிக் கல்யாணம் ஆனவர்கள் என்றே வைத்திருந்தது. மீதிப் பாதியை யாராவது ஒருவர் வாயைத் திறந்து கேட்க வேண்டும். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது ரெஜிஸுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அழத்தான் வரவில்லை.

கரையில் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்த சங்கத் தலைவர் காஸ்டெரா எல்லோரையும் கூப்பிட்டுக் கட்டுப்பாட்டைச் சொன்னார். அவருடைய உடம்பைத் தாங்குகிற மிதவை இன்னும் செய்யப்படவில்லை, அதனால் அவர் கரையோடு சரி.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், இருந்தாலும் சொல்றேன். நான் மணி அடிக்கிற வரைக்கும் தண்ணியில சத்தம் கூடாது. குசுகுசுன்னு பேசிக்கலாம். குரல் ஒசந்துச்சு, அத்தன பெர்ச்சுக்கும் அந்த ஆளுதான் செதில் சுரண்டணும். போன வருஷம் சுரண்டுன ஆள கேட்டுப் பாருங்க."

போன வருஷம் சுரண்டினது ஜோயல். தலையைக் குனிந்துகொண்டான். பெர்ச் மீனின் செதிலைச் சுரண்டியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். மீனுக்கு உடம்பெல்லாம் கல் பதித்த மாதிரி இருக்கும், முதுகில் முள் வேறு.

எல்லோரும் முதுகைத் தண்ணீருக்குக் காட்டி, பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கினார்கள். மிதவையில் உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே ஏரி, மேலே நாற்காலி. காலை உதைத்தால் பின்னோக்கித்தான் போகும். போகிற இடம் தெரியாது, விட்டுவந்த கரைதான் கண்ணுக்கு நேரே இருக்கும். வருஷம் முழுக்க முன்னால் பார்த்துப் பஸ் ஓட்டுகிற ரெஜிஸுக்கு வாரத்தில் ஒரு நாள் இப்படிப் பின்னால் போவது ரொம்பப் பிடிக்கும். யார் எந்தப் பக்கம் என்று சண்டை போட ஒருவரும் இல்லை, கண்ணாடியில் பார்க்க வேண்டிய பிள்ளைகளும் இல்லை.

இரண்டு பேரும் அல்லி இலைகள் படர்ந்த மேற்கு ஓரத்துக்குப் போனார்கள். இலைகளுக்கு வெளியே ஆழம் சரிகிற இடத்தில் பெர்ச் கூட்டம் நிற்கும் என்று மைலிஸ் கண்டுபிடித்து வைத்திருந்தாள். கால்களுக்கு நடுவே நேராகத் தூண்டிலை இறக்கினாள். ஈயம் தரையைத் தொட்டதும் ரப்பர் புழுவை லேசாக நடுங்க வைத்தாள். இறக்கின மாத்திரத்தில் ஒன்று வந்தது. பச்சை உடம்பில் கறுப்புக் கோடு, சிவப்புத் துடுப்பு, முகத்தில் கோபம். அதைக் கழற்றிப் பக்கத்தில் தொங்கின வலைப்பையில் போட்டுவிட்டு மறுபடியும் இறக்கினாள்.

ரெஜிஸ் தொண்டையைச் செருமினான்.

"மைலிஸ்."

"ம்."

"ஒண்ணு கேக்கணும்."

"கேளு. மெதுவா."

அவள் திரும்பிப் பார்த்தாள். தொப்பிக்குக் கீழே நரை விழுந்த முடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. ரெஜிஸுக்கு ராத்திரி முழுக்கக் கோர்த்து வைத்த வாக்கியம் அப்படியே அறுந்து விழுந்தது.

"என்ன எரை கட்டியிருக்க?"

"ரப்பர் புழுதான். நீ குடுத்தது."

"ஓ. ஆமா. நாந்தான் குடுத்தேன்."

அவள் அடுத்த மீனை இழுத்தாள். ரெஜிஸ் தன்னை மனசுக்குள் நாலு வசவு வைதுகொண்டு, வேறு வழியாக வந்து பார்க்கலாம் என்று தீர்மானித்தான்.

"எங்க வீட்டு மாடி அறை இருக்குல்ல."

"ஈரம் ஏறுதுன்னு சொன்னியே, அதுவா?"

"ஏறிட்டிருந்துச்சு. இப்ப ஓடு மாத்திட்டேன்."

"நல்லதாப் போச்சு."

"வெயிலு நல்லா வரும் அதுல."

"அப்ப வெங்காயம் காயப் போடலாம்," என்றாள் மைலிஸ், தூண்டில் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரெஜிஸ் பதற்றத்தில் தூண்டிலை வேகமாகச் சுண்டினான். ஈயமும் முள்ளும் தண்ணீருக்குப் போகாமல் திரும்பி வந்து, முள் அவன் தொடையில் தைத்தது. நல்லவேளை, மார்பு வரை போட்டிருந்த ரப்பர் கால்சட்டையோடு நின்றது, சதையில் இறங்கவில்லை. ஆனால் பிடுங்கியபோது சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வலது முட்டிப் பக்கம் குளிர்ச்சியாக ஏதோ ஊர்ந்தது. ஏரி உள்ளே வர ஆரம்பித்துவிட்டது.

வேறு நாளாக இருந்தால் உடனே கரைக்குப் போயிருப்பான். அன்றைக்குப் போவதாக இல்லை. குளிர் கெண்டைக்கால் வரை இறங்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் மைலிஸே வாயைத் திறந்தாள்.

"இன்னிக்குக் கோரின் போன் பண்ணுவா."

"ஜோயல் சொன்னான்."

"சொல்லிட்டானா?" அவள் ரீல் சுற்றுவதை நிறுத்தினாள். "கேட்டுட்டு நீ என்ன நெனச்ச?"

கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, உள்ளே வா என்று கூப்பிடுகிற கேள்வி இது. ஒரு குழந்தை கூட இதற்குப் பதில் சொல்லியிருக்கும். ரெஜிஸ் சொன்னான்:

"நல்ல கடைன்னு கேள்விப்பட்டேன்."

மைலிஸ் ரீலைச் சுற்றி நூலை மேலே எடுத்தாள். "ஆமா," என்றாள். "நல்ல கடைதான்." பிறகு பெர்ச் தூண்டிலை மடக்கிச் செருகிவிட்டு, ரப்பர் தவளை கட்டின பெரிய தூண்டிலை எடுத்துக்கொண்டு அல்லி இலைகளின் விளிம்பை ஒட்டித் தள்ளிப் போய்விட்டாள்.

ரெஜிஸுக்கு அழுகையே வந்துவிட்டது. ஐம்பது தாண்டின ஆள், ஊரில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன், இடுப்புவரை தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, கையில் வந்ததைத் தானே தட்டிவிட்டதை நினைத்து உதட்டைக் கடித்தான். காலில் தண்ணீர் முட்டிவரை நிறைந்திருந்தது.

கடல் காற்று அன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பிவிட்டது. முதலில் பைன் மரங்களின் உச்சி அசைந்தது, பிறகு தண்ணீரில் சுருக்கம் விழுந்தது. அதே சமயம் அல்லிக் கூட்டத்துக்குள் குடம் கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம். இலைகள் மேலெழும்பி விழுந்தன. மைலிஸின் தூண்டில் வில்லாக வளைந்தது.

பெரிய பாஸ். இலைத் தண்டுகளுக்குள் புகுந்துவிட்டால் கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். தூண்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலாலும் பலமாக உதைத்து, மீனைத் திறந்த தண்ணீருக்கு இழுத்தபடியே பின்னோக்கிப் போனாள். காற்றும் சேர்ந்துகொண்டு தள்ளியது. முகம் ரெஜிஸைப் பார்த்தபடிதான் இருந்தது, ஆனால் அது சின்னதாகிக்கொண்டே போனது.

ரெஜிஸ் அவளைப் பின்தொடரப் பார்த்தான். பின்தொடர வேண்டுமென்றால் மிதவையைத் திருப்பி, அவளுக்கு முதுகைக் காட்டி உதைக்க வேண்டும். திருப்பினான், உதைத்தான். தண்ணீர் ஏறின வலது கால் கல்லாகக் கனத்தது, இடது கால் மட்டும் வேலை செய்தது. விளைவு, இருந்த இடத்திலேயே ஒரு வட்டம் அடித்து மறுபடியும் அல்லி இலைகளைப் பார்த்து நின்றான். இன்னொரு முறை முயன்றான். இன்னொரு வட்டம். செக்கு மாடு கூடக் கொஞ்சம் நகர்ந்திருக்கும் என்று அவனுக்கே தோன்றியது.

மணி ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதுக்குக் காஸ்டெரா மணி அடித்தால் எல்லோரும் கரைக்குப் போவார்கள், சாப்பாடு, சிரிப்பு, சத்தம். அதற்கு நடுவே போன் வரும். அவள் எழுந்து மரத்தடிக்குப் போய்ப் பேசுவாள். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இதை நினைத்ததும் ரெஜிஸுக்கு உள்ளே ஏதோ உடைந்தது. சங்கத்துக் கட்டுப்பாடு, மானம், மரியாதை எல்லாவற்றையும் ஏரியில் விட்டுவிட்டு, பஸ் பின்சீட்டை அதட்டுகிற அதே குரலை எடுத்தான்.

"மைலிஸ்! அன்ஸிக்குப் போகாத! எங்கூடவே இருந்துடு! நான்... ஆறு வருஷமா சொல்லணும்னு... எனக்கு உன்ன விட்டா யாரும் இல்ல! போகாத!"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். காற்று அவன் கத்தலை அள்ளிக்கொண்டு போய் ஒவ்வொரு மிதவைக்கும் ஒரு பங்கு கொடுத்தது. நாணலுக்குள் இருந்தவன் தூண்டில் வீசப் போன கையை அந்தரத்திலேயே நிறுத்தினான். ரீல் சத்தம் ஒன்றொன்றாக அடங்கியது. கரையில் வாத்து இதயங்களைத் தோசைக்கல்லில் புரட்டிக்கொண்டிருந்த காஸ்டெரா கரண்டியோடு நின்றுவிட்டார். எங்கேயோ தூரத்தில் "அப்பாடா!" என்று ஒரு குரல் கேட்டது. அது ஜோயல்.

"இப்பத்தான் கேக்கணுமா?" என்று கத்தினாள் மைலிஸ். "கையில மீன் இருக்கு!"

"சரி, மெதுவா பாரு!" என்று கத்தினான் ரெஜிஸ். வேறு என்ன சொல்வான்?

ஏரியே காத்திருந்தது. பாஸ் ஒரு முறை தண்ணீரை விட்டு முழுசாக எகிறித் தலையை உதறியது. யாரோ "ஆ" என்றார்கள். அது அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மைலிஸ் அவசரப்படவில்லை, நூலை விட்டாள், சுற்றினாள், விட்டாள். ரெஜிஸுக்கு அந்த மீன் மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது. வாழ்நாளில் எந்த மீன் மேலும் அவனுக்கு எரிச்சல் வந்ததில்லை. கடைசியில் கைவலையை அடியில் கொடுத்துத் தூக்கி, மடியில் விரித்திருந்த, அளவுக் கோடு போட்ட துணியில் கிடத்தினாள்.

"எவ்ளோ?" என்று ஒருத்தன் பொறுக்க முடியாமல் கேட்டான்.

"நாப்பத்தெட்டு சென்டிமீட்டர்!"

மரியாதையாக ஒரு முணுமுணுப்பு சுற்றி வந்தது. பாஸைத் திருப்பி விட்டுவிடுவது சங்கத்து வழக்கம். மைலிஸ் அதன் வாயைப் பிடித்துத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, அது தானாக வாலை அடித்துப் போகிற வரை பொறுத்தாள். கையை அலம்பினாள். தூண்டிலைச் செருகினாள். தொப்பியைச் சரிசெய்தாள். பிறகு நிமிர்ந்து ரெஜிஸ் இருந்த பக்கமே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் மிதவையைத் திருப்பி, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

கேம்பிலிருந்து ஹாலந்துக் குடும்பம் ஒன்று வேடிக்கை பார்க்க மரப்பாலத்துக்கு வந்திருந்தது. அந்த அம்மாள் மார்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ பாவம் அந்த மனுஷன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாளே!"

"அம்மா," என்றார் காஸ்டெரா, கரண்டியை நீட்டி. "மெதவையில மூஞ்சி தெரிஞ்சா விட்டுட்டுப் போறாங்கன்னு அர்த்தம். முதுகு தெரிஞ்சா கிட்ட வர்றாங்கன்னு அர்த்தம். நல்லாப் பாருங்க, கால ஒதைக்கிறா."

ரெஜிஸும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வெளிறிப்போன பச்சை மிதவை, அதற்கு மேலே ஒரு முதுகு, ஒரு தொப்பி. எதிர்க்காற்றில் விட்டு விட்டு உதைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது. வருகிறாள். வருவது சரி, ஆனால் என்ன சொல்ல வருகிறாள்? மாட்டேன் என்று சொல்லக்கூட நேரில் வந்து சொல்கிற மரியாதை தெரிந்தவள் அவள். அந்த முதுகிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மிதவை வந்து அவனுடைய மிதவையில் இடித்து நின்றது. அவள் திரும்பவில்லை. எதிர்க்கரையைப் பார்த்தபடியே பேசினாள், மெதுவாகத்தான், ஆனால் அந்தக் காலையில் மெதுவாகப் பேசி ஒரு பிரயோசனமும் இல்லை.

"போகாதன்னு சொன்னியா?"

"ஆமா."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. ஜோயல் சொல்றான். ரொட்டிக்கடைக்காரி சொல்றா. கேம்ப் மேனேஜர் சொல்றார். போகாத, போகாத. எனக்கு அந்தக் கட வேணும் ரெஜிஸ். இங்க ரெண்டு மாசம் டூரிஸ்ட் வருவான். மிச்ச நாளெல்லாம் ஷட்டர எறக்கிவிட்டுட்டு மழையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். சைக்கிள் வேலையில என்ன அடிச்சுக்க இந்தச் சுத்துவட்டாரத்துல ஆள் கெடையாது. அந்தக் கைய வச்சுக்கிட்டு வாடகை சைக்கிளுக்குக் காத்தடிச்சுட்டு இருக்கேன். உனக்குத் தெரியுமா இது?"

தெரியாது. ஆறு வருஷம் பக்கத்தில் மிதந்திருக்கிறான். அவள் காப்பிக்கு எவ்வளவு சர்க்கரை போடுவாள், எந்தத் தோளில் வலி வரும், எந்த மேகத்தைப் பார்த்தால் கரைக்குத் திரும்புவாள், எல்லாம் தெரியும். இது தெரியாது. அவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று ராத்திரி முழுக்கப் புரண்டவன், இங்கேயே இருந்தால் அவள் என்ன செய்வாள் என்று ஒரு தடவை கூட நினைக்கவில்லை. ரெஜிஸுக்கு வெட்கமாக இருந்தது. காது மடல் சுட்டது.

ஏரியைச் சுற்றிப் பார்த்தான். அப்பா கட்டின வீடு, புதிதாக ஓடு மாற்றின கூரை, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தெரிந்த பிள்ளைகள். போர்தோ நகரத்தைத் தாண்டி அவன் போனதே இரண்டு தடவைதான், இரண்டு தடவையும் எப்போது திரும்புவோம் என்றிருந்தது.

"அப்ப போ," என்றான்.

மைலிஸின் தோள் கொஞ்சம் தொய்ந்தது.

"போ. நானும் வர்றேன்."

"எங்க?"

"அன்ஸிக்குத்தான். அங்க புள்ளைங்கள்லாம் பள்ளிக்கூடத்துக்கு நடந்தா போகுது? பஸ் இருக்கும்ல."

"மலைப் பாதை. கொண்டை ஊசி வளைவா இருக்கும்."

"ஓட்டிப் பாப்போம்."

"பனி கொட்டும்."

"ஸ்வெட்டர் போட்டுக்குவேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அங்க வாத்துக் கறி இப்படிக் கெடைக்காது. எது வச்சாலும் அது மேல பாலாடைக்கட்டிய உருக்கி ஊத்துவாங்க."

இந்த இடத்தில் ரெஜிஸ் கொஞ்சம் தயங்கினான். பொய் சொல்வானேன்? லாந்த்காரனிடம் வீட்டை விடச் சொல்லலாம், வாத்தை விடச் சொல்வது வேறு விஷயம். கரையிலிருந்து வாத்து இதயம் பொரிகிற வாசனை வேறு வந்துகொண்டிருந்தது.

"ஊத்தட்டும்," என்றான்.

அப்போதுதான் மைலிஸ் மிதவையைத் திருப்பினாள். அவள் கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. காற்று மறுபடியும் பிரித்துவிடாமல் இருக்க அவனுடைய மிதவையின் வாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா," என்றாள், "அந்தப் பாஸ நிம்மதியாப் புடிச்சிருப்பேன்ல?"

"டேய் மச்சான்!" என்று ஏரியின் அந்தக் கோடியிலிருந்து ஜோயல் அலறினான். "அக்காவ இங்க நிறுத்தி வைக்கத்தானடா உன்னக் கேக்கச் சொன்னேன்! நீயும் கெளம்பிட்டா எனக்கு யாருடா இருக்கா?"

"நீ இப்ப சத்தம் போட்ட!" என்று கரையிலிருந்து காஸ்டெரா கூவினார். "அவங்க ரெண்டு பேரும் சத்தம் போட்டாங்க! மூணு பேரும் செதில் சுரண்டுங்க!" சொல்லிவிட்டு மணியை எடுத்து, கோயில் மணி மாதிரி நிறுத்தாமல் அடித்தார். மிதவைகளிலிருந்து கைதட்டலும் விசிலும் கிளம்பின. ஹாலந்து அம்மாளும் பாதிதான் புரிந்தாலும் கைதட்டினாள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே மைலிஸின் சட்டைப் பையில் போன் அடித்தது. கோரின் எப்போதுமே சொன்ன நேரத்துக்கு முன்னால் கூப்பிடுகிற ரகம். மைலிஸ் கையை உயர்த்தினாள். மணி நின்றது, விசில் நின்றது. யாரும் சொல்லாமலே ஏரி மறுபடியும் அமைதியானது, இந்த முறை மீனுக்காக அல்ல.

"சொல்லு கோரின்... ஆமா, யோசிச்சுட்டேன். வர்றேன்... இரு, இரு, முழுசாக் கேளு. கடைக்கு மேல ஒரு சின்ன ரூம் இருக்குன்னியே, அது பத்தாது... ஏன்னா நான் தனியா வரல... ஆமா, ஆளுதான்... ரெஜிஸ். பஸ் ஓட்டுறவன்... ஆமா, அதே ரெஜிஸ்தான், வேற எந்த ரெஜிஸ்?... சிரிக்காத. கட்டில் பெருசா பாத்துப் போடு, இவனுக்குக் காலு நீளம்."

கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு ரெஜிஸைப் பார்த்தாள்.

"சுவரு மெலிசாம். நீ கொறட்டை விடுவியான்னு கேக்கறா."

ரெஜிஸ் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் நாணலிலிருந்தும், அல்லிக்குப் பின்னாலிருந்தும், கரையிலிருந்தும், எல்லோருக்கும் மேலே ஜோயலின் தொண்டையிலிருந்தும், ஒரே குரலாகப் பதில் வந்தது.

"விடுவான்!"

மைலிஸ் போனைக் காதில் வைத்தாள்.

"விடுவானாம்," என்றாள். "பரவால்ல. பழகிக்கிறேன்."